கல் பதிக்கும் முன் ஒரு கணக்கு

வீட்டு முன்வாசலுக்கு பேவர் பிளாக் போட்டு, ஓரமா நாலு செடி வைக்கலாம்னு நினைக்கிறவங்க முதலில் கேட்கிற கேள்வி, "சதுர அடி என்ன விலை?" என்பதுதான். அந்த விலையில் என்னென்ன சேரும் என்று கேட்பவர்கள் குறைவு. பணம் கைமீறுவது அங்கேதான்.

உங்கள் முற்றம் 30 அடிக்கு 20 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 சதுர அடி. கல்லின் கனம் 60 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதன் கீழே ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட். அதற்கும் கீழே 4 அங்குலம் கிராவல். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 8 அங்குலம். தரைமட்டம் மாறாமல் இருக்க அந்த 8 அங்குலத்தையும் தோண்டி எடுக்கணும். 600 சதுர அடியில் அது 400 கன அடி. நம்ம ஊர்க் கணக்கில் 4 யூனிட் மண். தோண்டுற கூலி, ஏற்றுற கூலி, வண்டி வாடகை, கொட்ட இடம் இதெல்லாம் யார் பொறுப்பு? சதுர அடி விலையில் இது சேர்ந்திருக்கா என்று கேளுங்கள். தோண்டாமல் மேலேயே பதித்தால் செலவு குறையும், உண்மைதான். ஆனால் முற்றம் 8 அங்குலம் உயர்ந்து, ஐப்பசி மழையில் தண்ணீர் வாசற்படி ஏறும்.

கிராவல் 4 அங்குலம் என்றால் 200 கன அடி, 2 யூனிட். திமிசு போட்டு இறுக்கினால் அமுங்கும் என்பதால் இரண்டரை யூனிட்டாக எழுதிக்கொள்ளுங்கள். எம்-சாண்ட் முக்கால் யூனிட். கல்லில் நூற்றுக்கு ஐந்து உடைசலுக்கும் வெட்டுக்கும் போகும். ஓரக் கல்லுக்கு அடிக்கணக்கில் தனி விலை. அதை மிச்சம் பிடித்தால் இரண்டு மழையில் ஓர வரிசை நகர்ந்துவிடும்.

சரி, 600 அடிக்கும் கல் வேண்டுமா? வண்டி நிற்க 20-க்கு 10, நடக்க 20-க்கு 4. மொத்தம் 280 சதுர அடி போதும். மேலே சொன்ன அளவுகள் எல்லாம் பாதிக்கும் கீழே வந்துவிடும். தோண்டிய நல்ல மேல்மண் பாத்திக்கே ஆகும். முற்றம் முழுக்கக் கல் பதித்தால், 5 சென்டிமீட்டர் மழைக்கு அங்கே விழும் சுமார் 2,800 லிட்டரில் பெரும்பகுதி உங்கள் கிணற்றுக்கோ போருக்கோ போகாமல் தெருவுக்கு ஓடும். மழைநீர்க் குழியை மூடிக் கல் பதிக்க வேண்டாம். பத்து அடிக்கு இரண்டு அங்குல வாட்டம் அந்தக் குழிப் பக்கமாகவோ பாத்திப் பக்கமாகவோ இருக்கட்டும். செப்டிக் டேங்க் மூடிக்கும் அதேதான். பின்னால் தண்ணிக் குழாயோ விளக்கு ஒயரோ இழுக்கணும்னா, பதிக்கும் முன்பே குறுக்கே ஒரு பி.வி.சி. குழாயைப் புதைத்துவிடுங்கள், சில நூறு ரூபாயோடு முடியும்.

மீதி 320 அடியில் புல்தரை போடலாம்னு ஆசை வரும். புல்லின் விலை ஒருமுறைதான், தண்ணீர் தினமும். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 150 லிட்டர். கூடவே வெட்டுக்கூலி. என் கருத்து, புல்லுக்குப் பதில் ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, நந்தியாவட்டை, செம்பருத்தி. அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் கன்று நிர்ணய விலைக்குக் கிடைக்கும். செம்மண், தொழுஉரச் செலவைக் கன்று விலையோடு சேர்த்தே எழுதுங்கள். பல நேரம் கன்றைவிட அதுதான் அதிகம். ஏற்கெனவே மரம் நிற்குதுன்னா அடிமரத்தைச் சுற்றி மூணு அடியாவது மண்ணாகவே விடுங்கள், வேர் கல்லைத் தூக்குவது குறையும்.

கேட்டுக்கு வெளியே உள்ள இடம் உள்ளாட்சியுடையது. அங்கே வடிகாலை மூடிச் சாய்தளம் கட்டுவதற்கு முன் நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டுவிடுங்கள். இடித்து எடுக்கச் சொன்னால் போட்ட பணம் போச்சு.

விலை கேட்கும்போது ஒரே அளவுத்தாளை மூன்று பேரிடம் கொடுங்கள். தோண்டல், கிராவல், எம்-சாண்ட், கல், ஓரக் கல், கூலி, மண் அகற்றல் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்பணத்தைப் பொருள் இறங்கிய பிறகு கொடுங்கள். கடைசித் தவணையை, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்த பிறகு கொடுங்கள்.