படகுப் பந்தயமும் பார்ப்போர் கரையும்



நமது தோட்டத் திடலில் ஓட்டப் பந்தயம் நடந்தால், நாம் ஓரிடத்தில் நின்றபடியே தொடக்கத்தையும் முடிவையும் பார்த்துவிடுகிறோம். பந்தயம் ஆற்றில் நடந்தால், பார்க்க வருவோரை எங்கே நிறுத்துவது? இதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் படகுப் பந்தயம் 1829-ஆம் ஆண்டு தொடங்கியது. 1845 முதல் அது பெரும்பாலும் லண்டனில், தேம்ஸ் ஆற்றின் பட்னி, மோர்ட்லேக் ஆகிய இடங்களுக்கு இடையே நடந்து வருகிறது. தூரம் ஏறக்குறைய 6.8 கிலோமீட்டர். ஒவ்வொரு படகிலும் எட்டுப் பேர் துடுப்பு வலிக்க, ஒருவர் சுக்கான் பிடிக்கிறார்.

கரையில் நிற்பவர் கண்ணில் படகுகள் சிறிது நேரமே படும். ஆகவே மக்கள் உயரமான இடத்தை நாடுகின்றனர். 1870-ஆம் ஆண்டு பதினோராயிரம் பேருக்கு மேல் ஹேமர்ஸ்மித் பாலத்தில் ஏறி நின்றனர். பாலம் தாங்குமா என்று அதன் உரிமையாளர்களே அஞ்சினர். பின்னர் அதே இடத்தில் கட்டப்பட்ட புதிய பாலம் 1887-இல் திறக்கப்பட்டது. கூட்டமும் ஒரு பாரம் என்பதை நாம் மறக்கலாகாது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. கடல் நீர் ஆற்றில் ஏறும் வேளையில்தான் இந்தப் பந்தயம் நடக்கிறது. பந்தயம் தொடங்குமுன் காய்ந்திருந்த தாழ்வான கரையைச் சற்று நேரத்தில் நீர் தொட்டுவிடலாம். பின்னால் வரும் விசைப்படகுகளின் அலையும் கரையில் மோதும்.

அப்படியானால் பார்வையிடத்தை எப்படி அமைப்பது? முதலில், நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று அறிந்து, அதற்கு மேலே கடைசிப் படியை வைக்க வேண்டும். கரையைப் படிப்படியாக உயர்த்தினால் பின்னால் இருப்பவருக்கும் ஆறு தெரியும், முண்டியடிக்கத் தேவையிராது. நீரோரத்தில் உறுதியான கம்பி வேலி வேண்டும். குழந்தை நுழைய முடியாத இடைவெளியும், குழந்தை பார்க்கக்கூடிய அமைப்பும் அதற்கு வேண்டும். கூட்டம் கலைய இரண்டு வழிகளாவது வேண்டும். எல்லாரையும் முடிவிடத்தில் குவிக்காமல், கரை நெடுகப் பல இடங்களில் பிரித்து அமர்த்துவது நலம்.

பெற்றோர்களே, நம் ஊர் ஆற்றங்கரைக்கும் குளக்கரைக்கும் இதே விதிதான். விழா பார்க்கப் போகும்போது முதலில் நீரைப் பாருங்கள், பிறகு வேடிக்கையைப் பாருங்கள். பந்தயத்தில் தோற்றவர் அடுத்த ஆண்டு வெல்லலாம். நீரில் தவறிய பிள்ளைக்கு அடுத்த ஆண்டு இல்லை.