பாராமுகமும் முகம் பாராமையும்
(திருக்குடமுழுக்கு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ் வழக்கில் ஒரு விசித்திரம் உண்டு. முகம், பாராமை என்னும் இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டு, முகத்தை முன்னே வைத்தால் ஒரு பெருங்குணம் பிறக்கிறது. பின்னே வைத்தால் ஒரு பெருங்குற்றம் பிறக்கிறது. வழக்கைக் கேட்டவர் வேண்டியவர் வேண்டாதவர் என்று முகம் பாராமல் தீர்ப்புச் சொன்னார் என்றால் அது புகழ்ச்சி. பசித்து வந்தவனிடம் பாராமுகமாக இருந்தார் என்றால் அது பழி. கேட்கும்போது வேற்றுமை விளங்குகிறது, வாழும்போது மறைந்துவிடுகிறது. கோயிற்பணிக்கு அழைத்தால், "எதிலும் ஒட்டாமல் தாமரையிலைத் தண்ணீர்போல் இருக்கிறேன்" என்று விலகிக்கொள்பவர் எந்த ஊரிலும் உண்டு. அது துறவா, சோம்பலா என்பதைச் சொற்களைக் கொண்டே ஆராயலாம்.

பாராமுகம் என்பது பாராத முகம். ஈறு கெட்டு நின்றது. அலட்சியம் என்பது, கருத்தில் கொள்ளத்தக்க இலட்சியம் அன்று என ஒதுக்குவது. இவை இரண்டும் பிறந்த நாள்தொட்டுக் குற்றப் பெயர்களே. உதாசீனம், உபேட்சை என்பவற்றின் கதை வேறு. உதாசீனன் என்றால் வடமொழியில் ஒதுங்கி அமர்ந்திருப்பவன். பகவத்கீதையின் 12ஆம் அத்தியாயத்தில் இது இறைவனுக்கு இனிய பக்தனின் இலக்கணங்களுள் ஒன்றாக வருகிறது. உபேட்சையோ யோக சூத்திரத்தில் நட்பு, இரக்கம், பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல் என்னும் மூன்றோடு நான்காவதாக வைத்து எண்ணப்படுகிறது. பௌத்தரும் அவ்வாறே எண்ணுவர். அச்சொல்லின் வேரில் இருப்பது பார்த்தல் என்னும் பொருள். ஆனால் கடைத்தெருவில், "என்னை உதாசீனம் செய்துவிட்டான்" என்றால் வசையன்றி வேறில்லை. ஞானிகளின் சொற்களைச் சோம்பேறிகள் தங்களுக்கு அரணாகப் பன்னாள் பயன்படுத்தியதைக் கண்டே மக்கள் அவற்றைக் கீழிறக்கினர் போலும்.

நொதுமல் என்று ஒரு பழந்தமிழ்ச் சொல்லும் உண்டு. பகையும் நட்பும் அல்லாத அயன்மை என்பது அதன் பொருள். திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்துக்கு முன்னுரை கூறும் பரிமேலழகர், பகை, நொதுமல், நட்பு ஆகிய மூன்றிடத்தும் அறம் வழுவாமல் ஒப்ப நிற்பதே நடுவுநிலைமை என்கிறார். இதில் ஒரு நுட்பம் உண்டு. நடுவுநிலைமை வேறு, நொதுமல் வேறு. நொதுமலாளன் நீதி வழங்குபவன் அல்லன்; நீதி பெற வருவோருள் ஒருவன். யாரோடும் ஒட்டாதவன் என்பதனாலேயே ஒருவனை நடுவன் என்று அவர் கொள்ளவில்லை.

சைவ சித்தாந்தம் இருவினையொப்பு என்று கூறும் நிலை, நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒருதன்மையாகக் காணும் நிலை. அதன் வடிவத்தைக் காண விரும்புவோர் திருப்புகலூருக்குச் செல்ல வேண்டும். முதிர்ந்த வயதில் அப்பரடிகள் அங்கே உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்தைச் செதுக்கிவந்தார். அவர் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடக்குமாறு இறைவன் செய்தான் என்பது பெரியபுராணம். அடிகள் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார். பலரும் இந்த இடத்தோடு நின்று அவருடைய பற்றின்மையை வியப்பர். அவர் கையில் இருந்தது என்ன என்பதைப் பார்ப்பவர் சிலரே. பொன்னைப் பொருட்படுத்தாத அந்தக் கண், முற்றத்துப் புல் ஒன்றையும் பாராமல் விடவில்லை. எதிலும் ஒட்டாதவர் அவர். கோயிற்புல்லை யாரேனும் பறிக்கட்டும் என்று அவர் இருந்ததில்லை.

இத்தாமிரவருணிக் கரையிலேயே வேறு சான்றுகள் உண்டு. ஆழ்வார்திருநகரியில் பிறந்த குழந்தை பால் உண்ணவில்லை, அழவில்லை, பதினாறு ஆண்டு புளியமரத்தடியில் வாய் திறவாமல் இருந்தது என்பர். உலகம் அதைப் பாராமுகம் என்று எண்ணியிருக்கும். மதுரகவியார் வந்து உண்மையான வினா ஒன்றைக் கேட்டபோது வாய் திறந்தது. நம்மாழ்வாரின் அருந்தமிழ் உலகுக்குக் கிடைத்தது.

ஏரலில் இதை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வூரின் சேர்மனாக இருந்து, 1908இல் ஆடி அமாவாசையன்று இறைவனடி சேர்ந்த அருணாசல சுவாமிகளை இன்றும் மக்கள் 'சேர்மன்' என்ற பெயரோடு சேர்த்தே வணங்குகின்றனர். பதவி போனதும் பதவிப் பெயரும் போவதே உலக இயல்பு. இங்கே அது தெய்வத்தின் திருப்பெயரோடு நிலைத்துவிட்டது. முகம் பாராமல் முறை செய்ய வேண்டிய பதவி அது. ஒவ்வொருவர் குறையையும் முகம் பார்த்துக் கேட்க வேண்டிய பதவியும் அதுவே. இன்றும் அமாவாசைதோறும் அவர் சந்நிதிக்கு வருவோர் குறையைச் சொல்லத்தான் வருகிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் ஆறு பெருகி ஏரலுக்குள் புகுந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. வெள்ளமும் முகம் பாராதது. கடை, குடிசை, செல்வர் மனை என்று அது வேறுபாடு காட்டவில்லை. எனினும் அதை நடுவுநிலைமை என்று எவரும் போற்றவில்லை; பார்க்கும் கண் அதற்கு இல்லை. பார்த்து, எல்லாம் அறிந்து, அதன்பின் ஒப்ப நிற்பது ஒன்றே இறைவனிடத்துச் சொல்லப்படும் விருப்பு வெறுப்பின்மை.

அந்த இறைவனையே பாராமுகம் என்று குற்றம் சாட்டுவதும் பக்தர்களின் உரிமை. கண்ணொளி இழந்த சுந்தரர் திருவெண்பாக்கத்தில், "கோயிலில் இருக்கின்றீரோ?" என்ற கருத்தில் வினவினார். "இருக்கிறோம், நீர் போம்" என்ற கருத்தில் விடை வந்தது. அயலார் கூறுவது போன்ற விடைதான். ஆனால் அதனோடு ஓர் ஊன்றுகோலும் வந்தது. பார்வையற்றவருக்கு வழிநடக்க வேண்டுவது இன்னதென்று பார்த்தே கொடுத்திருக்கிறான். பின்னர்க் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறுகண்ணும் ஒளிபெற்றன.

புதிதாகச் செய்த திருமேனியைப் பிரதிட்டை செய்யும்போது கண் திறத்தல் என்னும் சடங்கு நடைபெறும். சிற்பி பொன்னூசியால் விழிகளைத் திறந்ததும், பசுவும் கன்றும், கண்ணாடி, தானியக் குவியல் முதலிய மங்கலப் பொருள்களை முதலில் காட்டுவது மரபு. அதன் பிறகே ஊரார் காண்பதும், ஊராரை இறைவன் காண்பதும். பொருள் உதவிய அன்பர்கள் அன்று கண்ணீர் மல்க நிற்பார்கள்.

அடுத்த குடமுழுக்கு பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின். இடையில் வரும் நாட்கள் நாலாயிரத்துக்கு மேல். மண்டலாபிடேகம் முடிந்ததும் கூட்டம் குறையும். கோபுரத்துக்குப் பொன் ஈந்த கை திருவிளக்குக்கு எண்ணெய் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதில்லை. அக்கோபுரத்து இடுக்கில் பறவை இட்ட அரச விதை ஒன்று அடுத்த மழைக்கு முளைத்து இரண்டு இலை விடும். கீழே நின்று நிமிர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு மட்டுமே அது தென்படும். அப்பரடிகள் உழவாரம் ஏந்தியது அத்தனை சிறிய முளைகளுக்காகவே.