மட்டையும் நம் பிள்ளைகளும்

(பேராவூரணியில் நடைபெற்ற கல்விக் கழகக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழாக் காணும் வேளையில் கல்வியைப் பற்றிப் பேசாமல் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். "படிக்கிற பிள்ளைக்கு மட்டை எதற்கு?" என்னும் கேள்வி நம் கழகத்திற்குள்ளேயே எழுந்ததுண்டு. அது பிள்ளைகளின் மேலுள்ள அக்கறையால் எழுந்த கேள்வி. ஆகவே அதற்குப் பொறுப்பாக விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் பகுதி கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூரில் திறந்த நீர் நம் வாய்க்காலை எட்டிப் பார்க்கும்போது மேல்மடையில் நாற்று பச்சை பிடித்திருக்கும். கல்வியும் நமக்குக் கடைசியாகவே வந்தது. விளையாட்டுப் பயிற்சியோ இன்னும் வந்தபாடில்லை. அறுவடை முடிந்த வயலில் தென்னை மட்டையைச் செதுக்கிக் கொண்டு நம் பிள்ளைகள் ஆடுகின்றனர். ஆர்வத்திற்கு அவர்களிடம் குறைவில்லை. கற்றுக் கொடுப்பாரும் களமும்தான் இல்லை.

இவ்விளையாட்டு யாருக்கு எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதைச் சற்றே பார்ப்போம். இங்கிலாந்தில் பெரிய பள்ளிகளில் சேருமுன் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் ஆயத்தப் பள்ளிகள் உண்டு. எட்டு வயது முதலே அங்கு கிரிக்கெட்டும் பாடத்தைப் போல முறையாகக் கற்பிக்கப்படுகிறது. அதே முறையில் நம் நாட்டின் சமஸ்தான இளவரசர்களுக்காக ராஜ்கோட்டில் இராஜகுமார் கல்லூரி நிறுவப்பட்டது. அதன் தலைமை ஆசிரியர் மெக்நாட்டன் அங்கு பயின்ற ரஞ்சித்சிங்குக்கு இளமையிலேயே ஆட்டம் பழக்கினார். அந்த ரஞ்சி 1896 இல் இங்கிலாந்து அணிக்காக ஆடிய முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 154 ரன்கள் குவித்தார்.

அதே காலத்தில் பூனாவில் வேறொரு இளைஞர் இருந்தார். தோல் தொழிலைக் காரணம் காட்டித் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு அவர். பார்சிகளின் கிரிக்கெட் கழகத்தில் களத்தைப் பெருக்கி உருளை இழுக்க அவருக்குக் கிடைத்த கூலி மாதம் 3 ரூபாய். பின்னர் வெள்ளையர்களின் பூனா கழகத்தில் 4 ரூபாய். அங்கே வலைப்பயிற்சியில் அதிகாரிகளுக்குப் பந்து வீசுவதே அவருக்குப் பள்ளியாயிற்று. நாள்தோறும் வீசி வீசி, இடக்கைச் சுழற்பந்தில் ஈடிணையற்றவரானார்.

தோழர்களே, இங்கு ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவரைப் பந்து வீசச் சொன்னார்களேயன்றி, ஒருநாளும் மட்டையை அவர் கையில் கொடுக்கவில்லை. பந்து வீசுவது வியர்வை சிந்தும் வேலை. மட்டை பிடிப்பது துரைமார்களின் உரிமை. வேலை செய்பவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன் என்னும் பண்ணை வழக்கம் ஆடுகளத்திலும் நின்றது. இன்றும் சில திடல்களில் நம் பிள்ளைகள் பந்து பொறுக்கவே அழைக்கப்படுகின்றனர். மட்டையின் முறை மட்டும் அவர்களுக்கு வருவதில்லை.

பாலுவின் திறமையை இந்து அணியினர் விரும்பினர். ஆனால் ஆட்டத்தின் இடைவேளையில் அவருக்கு மட்டும் அரங்கிற்கு வெளியே மண் கலத்தில் தேநீர், உணவும் தனியே. பந்தைத் தொட்ட கை தங்கள் கோப்பையைத் தொடக்கூடாதாம்! இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மனிதரே 1906 இல் பம்பாயில் ஐரோப்பியரை 109 ரன்களில் இந்து அணி வெல்வதற்குத் துணை நின்றார். 1911 இல் பாட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியில் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார்.

இவ்வளவுக்குப் பின்னும் அணித்தலைமை முறைப்படி அவருக்கு வழங்கப்படவில்லை. 1920 இல் இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்து அவர் தம்பியர் சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகினர். அதன் பிறகே, 1923 இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். திறமை கதவைத் தட்டியது. கதவைத் திறந்தது உரிமைக் குரல் என்பதை இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும்.

1937 இல் பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்துப் பாலு நின்றார், அண்ணல் வென்றார். விளையாட்டால் உயர்ந்த மகன் ஒருவர், ஏட்டால் உயர்ந்த மகன் ஒருவர். இருவரையும் பெற்ற சமூகம் நம்முடையது. நம் வழக்கை வாதாடி உரிமையைச் சட்டமாக்கியது ஏடே. ஆகவே ஏட்டை விட்டு மட்டையைப் பிடிக்க நாங்கள் சொல்லவில்லை. ஏடு பிடித்த கை மட்டையும் பிடிக்கட்டும் என்கிறோம்.

முறையான பள்ளிப் பயிற்சி என்ன செய்யும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சான்று. மிடிங்கி என்னும் சிற்றூரில் மாடு மேய்த்த மக்காயா நிட்டினி என்னும் சிறுவனைக் கிரிக்கெட் வளர்ச்சித் திட்டத்தார் கண்டெடுத்து, ஒருகாலத்தில் வெள்ளையர்க்கே உரியதாயிருந்த டேல் கல்லூரிப் பள்ளியில் சேர்த்தனர். 1998 இல் தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்டில் ஆடிய முதல் கறுப்பு ஆப்பிரிக்கர் ஆனார் அவர். 101 டெஸ்டுகளில் 390 விக்கெட்டுகள் எடுத்தார். ஆயினும் உணவுக்குச் செல்ல எவரும் தம்மை அழைத்ததில்லை என்றும், அணியின் பேருந்தைத் தவிர்த்து மைதானத்திற்கு ஓடியே சென்றதாகவும் 2020 இல் அவர் வெளிப்படையாகக் கூறினார். களத்தில் இடம் கொடுத்தால் மட்டும் போதாது; பந்தியிலும் இடம் வேண்டும்.

இவற்றையெல்லாம் எண்ணியே பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்குப் பயிற்சித் திட்டம் ஒன்றை முன்வைக்கிறோம். ஆடவர் பந்து 156 முதல் 163 கிராம் எடை. சிறுவர் கைக்கு அது ஆகாது. டென்னிஸ் பந்தில் தொடங்கலாம். ஆடுகளம் 22 கஜத்திற்குப் பதில் 18 முதல் 20 கஜம் இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எண்ணிக் கொடுத்த பந்துகள். எல்லோரும் மட்டை பிடிக்க வேண்டும், எல்லோரும் வீச வேண்டும். ரன் கணக்கெழுதும் வேலையும் அணித்தலைமையும் முறை வைத்துச் சுழலட்டும். கணக்கும் வளரும், கட்டளையிடும் துணிவும் வளரும். பெண் பிள்ளைகளுக்கும் அதே களம், அதே முறை. மாலை ஆட்டம் முடிந்ததும் படிப்பு வேளை தவறக்கூடாது. தண்ணீர்ப் பானை ஒன்றே. அனைவருக்கும் குவளையும் ஒன்றே.

அயலூர்ப் பிள்ளைகளையும், அயல் தெருப் பிள்ளைகளையும் நம் களத்திற்கு அழைப்போம். அழைக்கப்படாமல் நின்றவர்கள் நாம்; அழைக்கும் இடத்தில் இனி நாம் நிற்போம்.

இளைஞர்களே, கழகம் உங்களிடம் கேட்பது பணமன்று. மாலைப் பொழுதில் ஒரு மணி நேரம். திடலைச் செப்பனிட வாருங்கள். பெரியோர்களே, பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். பாலு இழுத்த உருளையை நாமும் இழுப்போம். ஆனால் அந்தக் களத்தில் மட்டை பிடித்து முதலில் நிற்பவர் நம் பிள்ளைகளாக இருக்கட்டும்.