தேதி குறித்து வைப்போம்



ஒரு தாய் தன் மகளை மனநல மருத்துவரிடம் அழைத்து வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஆடி மாசம் தூக்கமே இல்ல டாக்டர். விடிய விடியப் பேச்சு, பாட்டு. சேத்து வச்ச காசையெல்லாம் எடுத்துச் செலவழிச்சிட்டா. தீபாவளி சமயத்துல அதெல்லாம் அடங்கிப்போச்சு. சமைச்சா, சாப்பிட்டா, நல்லாத்தான் இருந்தா. ஆனா யாரோ பேரைச் சொல்லித் திட்டுறாங்கன்னு மட்டும் தினமும் சொல்லிக்கிட்டே இருந்தா. தை பொறந்ததும் படுத்த படுக்கையாயிட்டா. எதுலயும் ஒட்டுதல் இல்ல" என்கிறார்.

ஆடியில் வந்தது மனஎழுச்சி. தையில் வந்தது மனச்சோர்வு. இவற்றை மட்டும் பார்த்தால் இருதுருவ மனநிலைக் கோளாறு என்று சொல்லிவிடலாம். ஆனால் மனம் அமைதியாக இருந்த தீபாவளி நாட்களிலும் அந்தக் குரல்கள் ஓயவில்லை. தாய் போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு செய்திதான், இது ஸ்கிசோஅஃபெக்டிவ் கோளாறாக இருக்கலாம் என்று மருத்துவரை யோசிக்க வைக்கிறது.

மனச்சிதைவின் அறிகுறிகளும் மனநிலைக் கோளாறின் அறிகுறிகளும் ஒரே மனிதரிடம் சேர்ந்து வருகிற நோய் இது. இல்லாத குரல் காதில் விழும். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்பது போன்ற பிரமைகள், எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அசையாமல் நிற்கும். அதோடு மனஎழுச்சியோ மனச்சோர்வோ கைகோத்துக்கொள்ளும். ஆயிரம் பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு வாழ்நாளில் இது வரலாம்.

இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்ளின் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும் மனநோய்களை இரண்டாகப் பிரித்தார். இன்று நாம் மனச்சிதைவு என்று சொல்வது ஒன்று, மனஎழுச்சியும் சோர்வும் மாறிமாறி வருவது மற்றொன்று. 1933-இல் அமெரிக்காவில் ஜேக்கப் கசானின், இந்த இரண்டிலும் அடங்காத ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஸ்கிசோஅஃபெக்டிவ் என்ற பெயர் அவர் வைத்ததுதான். இதைத் தனி நோயாகக் கொள்ளலாமா என்ற வாதம் இன்றும் மருத்துவர்களிடையே நடக்கிறது. ஆகவே சில ஆண்டுகள் கழித்து மருத்துவர் நோயின் பெயரை மாற்றிச் சொன்னால், முன்பு ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நோயின் போக்கு முழுதாகத் தெரியக் காலம் பிடிக்கிறது.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இந்த நோயை உறுதிசெய்யாது. வேறு நோயோ போதைப்பொருளோ காரணமில்லை என்று காட்டத்தான் அவை உதவும். நோயை உறுதிசெய்வது நாட்காட்டி. மனநிலை மாற்றம் எதுவும் இல்லாத நேரத்திலும் பிரமையோ குரலோ குறைந்தது இரண்டு வாரமாவது நீடித்திருக்க வேண்டும். நோய்க்காலத்தின் பெரும்பகுதியில் மனநிலை மாற்றமும் இருந்திருக்க வேண்டும். 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு சொல்லும் அளவுகோல் இது. இந்தக் கணக்கை மருத்துவரால் தனியாகப் போட முடியாது. கூட இருந்து பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி சிகிச்சைக்கு வருவோம். குரலையும் பிரமையையும் தணிக்கும் மருந்துகள்தான் அடித்தளம். தினமும் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. மனநிலையைச் சீராக்க லித்தியம் அல்லது வால்ப்ரோயேட் சேரும். சோர்வு மிகுந்தவர்களுக்கு அதற்கான மருந்தும் தரப்படலாம். இவை பெரும்பாலானவர்களுக்கு நல்ல பலன் தருகின்றன. நான் இதை உறுதியாகவே சொல்கிறேன்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. சில மருந்துகளால் எடை கூடும், சர்க்கரை ஏறும். கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் ஏற்றதல்ல. அது கருவைப் பாதிக்கும். லித்தியத்துக்கு அவ்வப்போது ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் உடம்பில் நீர் வற்றினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும், கடையில் நாமே வாங்கிப் போடும் சில வலி மாத்திரைகளாலும் அந்த அளவு ஆபத்தாக ஏறலாம். கை வெகுவாக நடுங்கினால், நடை தள்ளாடினால், நாக்குக் குழறினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தச் சிகிச்சை பெரும்பாலும் தோற்கும் இடம் வேறு. "சரியாயிட்டேனே, இனி எதுக்கு மாத்திரை?" என்று திடீரென நிறுத்துகிற நாள்தான் அது. நோய் திரும்ப அதுவே பெரிய வாசல். மருந்து மட்டும் போதவும் போதாது. பேச்சுவழிச் சிகிச்சை, குடும்பத்துக்கு வழிகாட்டல், மெல்ல மெல்ல ஒரு வேலைக்குத் திரும்புதல் எல்லாம் சேர்ந்தால்தான் வாழ்க்கை திரும்புகிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு நெடுங்காலம் தலைமையேற்ற டாக்டர் சாரதா மேனன், 1984-இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். மனநோயாளிகளின் மறுவாழ்வுக்கு அங்கே முக்கிய இடம் கிடைத்தது.

நேயர்களே, உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், காத்துக் கருப்பு என்று சொல்லி மாதங்களைக் கழிக்காதீர்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று அவர் சொன்னால் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல், தனியே விடாமல், உடனே உதவி தேடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினார், குரல் கேட்டதா, மனம் எப்படி இருந்தது, மாத்திரை போட்டாரா என்று அவருக்கும் தெரிய, முடிந்தால் அவர் கையாலேயே, தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மறக்காமல் அதை எடுத்துச் செல்லுங்கள்.