கனடா தேசத்து வாசமும் பிரஜா உரிமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் குலத்துப் பிள்ளைகள் பலர் இன்று கனடா தேசத்திற் குடியேறியிருக்கின்றனர். அவர்களைப் பெற்ற நாம் இங்கிருந்துகொண்டு, "தங்கை கலியாணத்துக்கு வந்து ஆறு மாதம் இரு", "தகப்பனாருக்குத் தேக அசௌக்கியம், ஒரு வருஷம் தங்கு" என்று அழைக்கின்றோம். அழைப்பது பெற்றோர் உரிமை, மறுப்பார் யார்? ஆயினும் அவ்வழைப்பினால் பிள்ளைகள் அங்கே எதை இழக்கக்கூடும் என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியமாதலின், அதுபற்றிச் சில சொல்ல முன்வந்தோம்.

நம்மவர் இரண்டு கணக்குகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். பிள்ளைகள் 'பி.ஆர்.' என்று சொல்லும் நிரந்தரவாச உரிமையைக் காத்துக்கொள்ளும் கணக்கு ஒன்று. பிரஜா உரிமை பெறும் கணக்கு வேறொன்று. முன்னதற்கு ஐந்து வருஷத்தில் 730 நாள் அந்நாட்டில் இருந்திருத்தல் வேண்டும், தொடர்ச்சியாக இருக்கவேண்டுமென்பதில்லை. கனடா பிரஜையான கணவனோடு வெளிநாட்டிற் கூடி வாழ்ந்த மனைவிக்கு அந்நாட்களும் இதிற் சேரும். ஆனால் மகன் அங்கே உத்தியோகத்திலிருக்க, மருமகளை மட்டும் மாமியார்க்குத் துணையாக இரண்டு மூன்று வருஷம் இங்கே நிறுத்திக்கொண்டால், அந்நாட்களில் ஒன்றேனும் சேராது. இவ்வழக்கம் நம் வீடுகளிற் சகஜமாகையால் இதனை அழுத்திச் சொல்கின்றோம்.

அட்டையின் தவணை முடிந்தால் உரிமையும் முடிந்ததென்று அஞ்சுவாருளர். அது தவறு. அட்டை வேறு, உரிமை வேறு. நாட்கள் குறைந்தாலும் உரிமை தானாகப் போய்விடாது. அதிகாரி விசாரித்து முடிவு செய்தல் வேண்டும். ஆயினும் செல்லுபடியாகும் அட்டையின்றி விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வெளிநாட்டிலிருப்பவர் பிரயாணப் பத்திரத்துக்கு மனுச்செய்ய நேரும். அப்போதுதான் நாட்கணக்குப் பார்க்கப்படும். குறைவுக்குத் தக்க காரணமும், குழந்தைகளின் நலமும் எடுத்துச்சொல்ல இடமுண்டு. பாதகமாக முடிந்தால் 60 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். இவற்றையறியாமல், விஸிட்டர் விசா எளிதிற் கிடைக்குமென்று உரிமையைத் தாமே எழுதிக் கொடுத்துவிடுதல் மதியீனம்.

இனிப் பிரஜா உரிமை. மனுவிற் கையொப்பமிடும் தேதிக்கு முந்திய ஐந்து வருஷத்தில் 1,095 நாள் அங்கே இருந்திருக்கவேண்டும். 2015 முதல் ஆறு வருஷத்தில் 1,460 நாள் என்றிருந்தது, 2017 அக்டோபரில் இவ்வாறு தளர்த்தப்பட்டது. நிரந்தரவாசியாகுமுன் மாணாக்கராகவோ வேலை அனுமதியின்பேரிலோ அங்கிருந்த நாட்கள் அந்த ஐந்து வருஷத்துக்குள் விழுந்தால் நாளுக்கு அரைநாளாகச் சேரும். உயர்ந்த பக்ஷம் 365. புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் அங்கிருந்த நாட்களே. கணவனோடு வெளிநாட்டிலிருந்த நாட்களோ இக்கணக்கிற்கு உதவா. ஆகவே ஒரு பெண் நிரந்தரவாச உரிமையை இழவாதிருந்தும், பிரஜா உரிமைக்கு வருஷக்கணக்காகக் காத்திருக்க நேரலாம். பாஷைப் பரீக்ஷை, வருமானவரிக் கணக்கு முதலியவற்றைப் பிள்ளைகளே அறிவர்.

பயணத் தேதிகளை ஒரு நோட்டில் அவ்வப்போது குறித்துவைக்கச் சொல்லுங்கள். கேட்கும்போது ஞாபகத்திலிருந்து எழுதுவது துன்பம்.

நிலபுலமுள்ள குடும்பத்தார் இன்னொன்றும் கவனிக்க. கனடா பிரஜையானவுடன் 1955-ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்தியப் பிரஜா உரிமை நீங்கிவிடும். 'ஓ.சி.ஐ.' அட்டை பெற்றுத் தடையின்றி வந்துபோகலாமெனினும், ஓட்டுரிமை கிடையாது. விவசாய நிலம் விலைக்கு வாங்கவும் கூடாது. பிதுரார்ஜித நிலம் வாரிசாக வருவதற்குத் தடையில்லை.