சுவரில் தோன்றும் ஈரம்

கட்டடம் எழும்பும்போது தண்ணீர் நமக்குத் துணை. செங்கல்லை நனைப்பதற்கும் சிமெண்டுப் பூச்சு இறுகுவதற்கும் அது வேண்டும். கட்டி முடித்த பின்னர் அதே தண்ணீர் உள்ளே புகுமானால், கட்டடத்தைச் சிறிது சிறிதாக அழித்துவிடுகிறது. ஈரக்கறையைக் கண்டவுடன் பலர் அதன்மேல் வெள்ளையடித்து விடுகின்றனர். இது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது. ஈரம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு ஆழம் பாதித்தது என்னும் இரண்டையும் முதலில் அறிய வேண்டும்.

ஈரம் வரும் வழிகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, மேலிருந்து இறங்குவது. மழைக்குப்பின் கூரையிலும் சுவரின் மேற்பகுதியிலும் இது தோன்றும். மொட்டைமாடியில் நீர் தேங்குவதும், மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைப்பதும், தட்டோடுகளின் இடைப்பூச்சு விட்டுப்போவதும் இதற்குக் காரணங்கள்.

இரண்டாவது, கீழிருந்து ஏறும் ஓதம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணிலுள்ள நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. சாதாரணமாக இது ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். நீர் ஆவியாகிவிட, அதில் கரைந்திருந்த உப்பு வெண்பொடியாகச் சுவரில் பூக்கும். அவ்வுப்புப் படிகங்கள் வளர்ந்து பூச்சைப் பெயர்த்துத் தள்ளும்.

மூன்றாவது, சுவருக்குள் ஓடும் குழாயின் கசிவு. மழையே இல்லாத சித்திரையிலும் ஒரு கறை காயாதிருந்தால், குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இனி, சேதத்தின் கடுமை. கறையும் பூசணமும் மட்டும் இருந்தால் அது முதற்படி. மூலத்தை அடைத்து, காற்றோட்டம் தந்து உலரவிட்டு, பூசணத்தைத் துடைத்தெடுத்தால் போதும். பூச்சு உப்பி, தட்டினால் பொள்ளென்று ஒலித்தால் இரண்டாம் படி. அப்பகுதியைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

மூன்றாம் படியே அபாயமானது. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவும் கடற்கரைக் காற்றின் உப்பும் நாளடைவில் அக்காப்பைக் குலைக்கின்றன. பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைப்பது. ஆதலால் அது உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. கம்பி ஓடும் வழியே நேர்கோடாக வெடிப்பும் பழுப்புக் கறையும் கண்டால் காலந்தாழ்த்தலாகாது. கூரையிலிருந்து கட்டி பெயர்ந்து கீழே இருப்போர் தலையில் விழக்கூடும். அங்கே வெள்ளையடிப்பவரை அன்று, பொறியாளரை அழைக்க வேண்டும்.

நீரின் தூய்மையும் சேதத்தின் அளவுகோல்களில் ஒன்று. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சென்னை வீடுகளில் புகுந்தது மழைநீர் மட்டுமன்று. சாக்கடையும் கலந்த நீர். அத்தகைய நீரில் ஊறிய மெத்தையைக் காயவைத்து உபயோகிக்கலாகாது. சுவரைக் கழுவிக் கிருமிநாசினி இட வேண்டும். மின் இணைப்புகளைத் தேர்ந்தவர் சோதிக்குமுன் விசையைத் தொடலாகாது.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஈரக்கறை இருந்தால், அதன் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். மழைக்குப்பின் ஒருமுறையும் வெயிலில் ஒருமுறையும் பாருங்கள். கறை கோட்டைத் தாண்டியதா, எப்போது தாண்டியது என்பதைக் கொண்டே நீர் வரும் வழியைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். வழியை அடைத்த பிறகு வெள்ளையடிப்போம்.