பேயா? குடியா?
(புதுக்கோட்டையில் பேசியது)



குடியை நிறுத்த நம்மவர்கள் செய்யும் காரியம் உங்களுக்குத் தெரிந்ததே. கோயிலுக்கு அழைத்துப் போய், பூசாரி கையால் கயிறு கட்டி, சத்தியம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். குடியை விட வேண்டுமென்ற எண்ணத்தை நாம் குறை கூற வரவில்லை. கயிறு கட்டிய மூன்றாம் நாள் என்ன ஆகிறது என்பதே நமது கேள்வி.

பல வருஷம் தினந்தவறாமல் மிகுதியாய்க் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போகும். 2 நாளைக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2, 3 நாளில் சிலர் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிறதென்று அலறுவார்கள். உடனே வீட்டார், "சாமி குற்றம்" என்றும், "பேய் பிடித்துவிட்டது" என்றும் உடுக்கடிக்கிறவனைத் தேடி ஓடுகிறார்கள். தோழர்களே, அது சாமியுமல்ல, பேயுமல்ல. சாராயத்துக்குப் பழகிய மூளை, அது கிடைக்காமல் படும் பாடு. வைத்தியம் செய்யாவிட்டால் உயிரே போகலாம்.

இந்த ஆபத்தை முதலில் கண்டுகொள்ளக் கூடியவர் யார்? இரவெல்லாம் படுக்கையருகில் இருக்கும் நர்சம்மாவேயாவார். நாடி, இரத்த அழுத்தம், நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் இவற்றை அடிக்கடி பார்த்து எழுதி, டாக்டரை எழுப்புகிறவர் அவர். டாக்டர் உத்தரவுப்படி மருந்தும் பி1 வைட்டமினும் கொடுக்கிறவரும் அவரே. கால் முறிந்து வந்தவனிடங்கூட, முகம் சுளிக்காமல், "தினம் எவ்வளவு குடிப்பீர்கள்? கடைசியாக எப்போது?" என்று கேட்க வேண்டியவரும் அவரே. இதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் 10 கேள்விகள் வகுத்திருக்கிறது. ஆனால் கேட்டால் மட்டும் போதுமா? "குடும்ப மானம் போய்விடும்" என்று நாம் பொய் சொன்னால், அவர் என்ன செய்வார்? மானத்தைக் காப்பாற்றி மனிதனைப் பறிகொடுப்பது என்ன அறிவு?

1886-ல் இந்த ஊரில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தபோது வைதிகர்கள் எதிர்த்தார்கள். அவர் 1912-ல் டாக்டரானார். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்றவர்களின் பேரர்களுக்கும் இன்று வலிப்பு வந்தால், படித்த பெண்ணின் கைதானே வேண்டியிருக்கிறது!

2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், குடியாலும் போதை வஸ்துக்களாலும் வரும் மனக்கோளாறுகளையும் மனநோயில் சேர்த்திருக்கிறது. நோயென்றான பின் பூசாரிக்கு அங்கு என்ன வேலை? ஆகவே, குடியை நிறுத்தும் முன்பே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 14446 என்ற இலவசத் தொலைபேசியிலும் யோசனை கேட்கலாம். நர்சம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். கயிறு நாடி பார்க்காது, தோழர்களே!